நம்பிக்கைக்கு நாம் சொல்லும் விடை



பிழைப்பின் பொருட்டுத் தாயகத்தை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர் அனைவருக்கும் ஓர் அனுபவம் பொதுவானது. ஊரில் யாரும் நம்மைக் கேட்டிராத கேள்விகளை இங்கே அயலார் கேட்பர். 'விடியற்காலையில் வாயிலில் ஏன் கோலம் இடுகிறீர்கள்? உங்கள் பெயரோடு குடும்பப் பெயர் ஏன் இல்லை?' என்பர். ஊரில் இருந்தவரை இவற்றுக்கு விடை தேட வேண்டிய தேவை நமக்கு ஏற்படவில்லை. எல்லாரும் செய்தனர், நாமும் செய்தோம். வெளியூர் வந்த பின்னரே நம் வழக்கங்களுக்குக் காரணம் தேடத் தொடங்குகிறோம்.

சமயத்தைப் பற்றிய கேள்வியும் இவ்வாறுதான் எழுகிறது. நான் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த கிறிஸ்தவன். எங்கள் ஊரில் ஆலய மணி அடித்தால் எழுவோம், அடித்தால் தொழுவோம். ஏன் நம்புகிறாய் என்று அங்கே எவரும் என்னைக் கேட்டதில்லை. தில்லி மாநகரில் மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளனாகப் பணியேற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. இங்கே வந்த பிறகுதான் அக்கேள்வி என் வாயிற்கதவைத் தட்டியது. அதற்கு முதன்முறை நான் சொன்ன விடை எவ்வளவு பிழையாக அமைந்தது என்பதையும், அப்பிழையிலிருந்து நான் கற்றது யாது என்பதையும் இன்று உங்களிடம் சொல்ல விழைகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் ஊரில் காலமானார். செய்தி கிடைத்தவுடன் புறப்பட்டேன். எனினும் நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் முகத்தை நான் காணவில்லை. காரியங்களை முடித்துக்கொண்டு தில்லி திரும்பிய சில நாட்களில், எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் வசிக்கும் நண்பர் என்னை மொட்டைமாடிக்கு அழைத்தார். அவர் கும்பகோணத்துப் பக்கத்தவர், சிறந்த சைவர், திருநீறு அணியாமல் அலுவலகத்துக்குச் செல்லாதவர். அவர் கேட்டார்: "உங்கள் துயரம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஏதோ ஒன்று உங்களைத் தாங்குகிறது. நீங்கள் படித்தவர்; காரணம் இல்லாமல் ஒன்றை நம்பமாட்டீர்கள். அந்தக் காரணத்தை எனக்குச் சொல்லுங்கள்."

நான் சொன்னேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொன்னேன். கல்லூரியில் கற்ற தத்துவம், வரலாறு, தருக்கம் அனைத்தையும் எடுத்து அடுக்கினேன். இறுதியில், இவ்வளவு சான்றுகள் இருக்க நீங்கள் ஏற்காமலிருப்பது முறையன்று என்ற பாங்கிலும் பேசிவிட்டேன். நண்பர் குறுக்கிடாமல் கேட்டார். பின்னர் எழுந்து, "நான் விடை கேட்டேன், நீங்கள் உத்தரவு போட்டுவிட்டீர்கள்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இரண்டு நாள் கழித்தே எனக்கு உண்மை தெரிந்தது. ஊரில் அவருடைய தாயார் பிழைப்பது அரிது என்ற செய்தி அன்று மாலைதான் அவருக்கு வந்திருந்தது. அவர் கேட்டது ஆராய்ச்சிக்காக அன்று. தம் நெஞ்சின் ஆறுதலுக்காக. அதனை நான் உணரவில்லை.

அன்றிரவு என் தந்தையாரின் பழைய வேதாகமத்தைப் புரட்டினேன். பேதுரு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில், நம்பிக்கைக்குக் காரணம் சொல்வதைப் பற்றிய ஒரு வசனம் உளது. உங்களிடமுள்ள நம்பிக்கையைக் குறித்துக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் விடை கூற எப்போதும் ஆயத்தமாயிருங்கள். ஆனால் அதனைச் சாந்தத்தோடும் மரியாதையோடும் கூறுங்கள் என்பது அதன் கருத்து. 1871-ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்த் திருத்தப் பதிப்பு, விடை என்னும் பொருளில் அங்கே ஆண்டுள்ள சொல் யாது தெரியுமா? 'உத்தரவு' என்பதே. என் நண்பர் சொல்லிச் சென்ற அதே சொல்!

மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு உறக்கம் வரவில்லை. 'உத்தர்' என்றால் இந்தி மொழியில் விடை என்பதை வடநாட்டில் வாழும் நம் குழந்தைகளும் அறிவர். வடமொழியிலும் 'உத்தரம்' என்றால் மறுமொழி. பழைய தமிழ் வழக்கிலும் 'உத்தரவு' என்பதற்கு மறுமொழி என்ற பொருள் இருந்தது. நாளடைவில் அச்சொல் அனுமதியையும் ஆணையையும் குறிப்பதாயிற்று. இன்று அலுவலகத்தில் உத்தரவு என்றால் மேலிடத்துக் கட்டளை. சொல் அடைந்த மாற்றத்தையே என் பேச்சும் அடைந்திருந்தது. விடையாகத் தொடங்கியது கட்டளையாக முடிந்தது.

இந்நிருபம் எழுதப்பட்டது யாருக்கு என்பதையும் நேயர்கள் கருத வேண்டுகிறேன். பொந்து, கலாத்தியா, கப்பத்தோக்கியா, ஆசியா, பித்தினியா என்னும் நாடுகளில் சிதறி வாழ்ந்த அந்நியருக்கு இது எழுதப்பட்டதாக அதன் முதல் வரிகள் கூறுகின்றன. அவை இன்றைய துருக்கி நாட்டில் அடங்கிய பகுதிகள். அங்கே இச்சிறு கூட்டத்தார்க்கு அரசும் இல்லை, ஆட்பலமும் இல்லை. பெரும்பான்மையோர் நடுவே ஐயத்துக்கும் பழிச்சொல்லுக்கும் ஆளாகி வாழ்ந்தனர். அவர்களுக்குச் சொன்ன அறிவுரையே, கேட்பவர்க்கு மரியாதையோடு விடை கூறுங்கள் என்பது. கிரேக்க மூலத்தில் விடையைக் குறிக்கும் சொல் 'அப்பொலொகியா'. வழக்குமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவன் தன் பக்கத்தை எடுத்துரைப்பதற்கு அது பெயர். நீதிபதியின் இருக்கையிலிருந்து பேசுபவன் சொல்வதன்று அது. கூண்டில் நிற்பவன் சொல்வது.

மேலும் ஒரு நுட்பம். அவ்வசனத்தில் கேட்கப்படுவது கொள்கையைப் பற்றிய வினா அன்று. நம்பிக்கையைப் பற்றிய வினா. எதிர்காலத்தை நோக்கும் நம்பிக்கைக்குக் கிரேக்கத்தில் வேறு சொல், விசுவாசத்துக்கு வேறு சொல். இங்கே உள்ளது முன்னது. ஒருவனுடைய வாழ்வில் நம்பிக்கை தென்பட்டால்தான் அயலான் அதைப் பற்றிக் கேட்பான். எங்கள் அலுவலகத்தில் நாடாளுமன்ற வினாக்களுக்குரிய விடைகளை மொழிபெயர்ப்பதுண்டு. உறுப்பினர் வினா எழுப்பாமல் அமைச்சகம் விடை அனுப்புவதில்லை. சமய விஷயத்திலோ நம்மில் பலர் வினா வருமுன்னரே விடைத்தாளை நீட்டிவிடுகிறோம்.

அவ்வாறெனின், கிறிஸ்தவன் சொல்லக்கூடிய காரணங்கள் யாவை? நண்பரிடம் நான் சுருக்கமாகச் சொல்லியிருக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வரலாறு. கிறிஸ்தவ விசுவாசம் ஒரு தத்துவத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு மனிதரின் வாழ்விலும் மரணத்திலும் இருந்து தொடங்கியது. பொந்தியு பிலாத்து என்னும் ஆளுநர் யூதேயாவை ஆண்ட காலம் கி.பி. 26 முதல் 36 வரை. அவர் ஆட்சியில் கிறிஸ்து கொல்லப்பட்டார் என்பதைக் கிறிஸ்தவர்பால் சிறிதும் பரிவு இல்லாத உரோம வரலாற்றாசிரியர் தாசித்து இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறித்துள்ளார். அம்மரணத்துக்குப் பின் சுமார் இருபத்தைந்து ஆண்டுகளுக்குள், பவுல் என்பவர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய கடிதத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவைக் கண்டோரைப் பட்டியலிடுகிறார். அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருப்பதாகவும் கூறுகிறார். பெண்களின் சாட்சியத்துக்கு மதிப்புக் குறைவாயிருந்த அக்காலத்தில், வெறுமையான கல்லறையை முதலிற் கண்டவர் பெண்களே என நான்கு சுவிசேஷங்களும் கூறுகின்றன. கதை கட்டுவோர் இத்தகைய சாட்சிகளைத் தேர்ந்திருக்கமாட்டார். இவை கணிதத் தேற்றம் போல் ஐயமற நிறுவப்பட்டவை அல்ல. நேர்மையான ஒருவர் இவற்றை எடைபோட்டு, ஏற்கவில்லை என்று கூறலாம். எனினும் காரணமே இல்லாத நம்பிக்கை என்று இதனைத் தள்ளிவிட இயலாது.

இரண்டாவது, துன்பம். இவ்வுலகில் துன்பம் ஏன் என்ற வினாவுக்குக் கிறிஸ்தவ மறை முழுமையான விளக்கம் தரவில்லை. யோபுவின் நூல் முழுதும் அவ்வினாவே. அதன் இறுதியிலும் காரணம் கூறப்படவில்லை. ஆனால், இறைவன் துன்பத்துக்கு அப்பால் நின்று காண்பவன் அல்லன். சிலுவையில் அதனுள்ளேயே புகுந்தவன் என்று கிறிஸ்தவன் நம்புகிறான். தந்தையின் கடைசி மணித்துளிகளில் உடனிருக்க இயலாத மகனுக்கு இது வெறும் கோட்பாடாக இருக்கவில்லை. நான் இல்லாத இடத்தில் அவரோடு ஒருவர் இருந்தார் என்பதே என்னைத் தாங்கிய நம்பிக்கை.

மூன்றாவது, மன்னிப்பு. தான் செய்த தீங்கைத் தானே துடைத்துக்கொள்ள இயலாதவன் மனிதன். தன் தகுதியால் ஈட்ட முடியாததை அருளாகப் பெறலாம் என்பது சுவிசேஷத்தின் உயிர்நாடி. அருள் என்னும் எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சைவமும் வைணவமும் அதனை ஆழ்ந்து அறிந்தவை. 1827-இல் திருநெல்வேலிப் பகுதியில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, தாம் ஏற்ற விசுவாசத்தை விளக்கக் கம்பனிடம் கற்ற காவிய மரபையே நாடினார். 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் அதன் பயன். தம் முன்னோர் போற்றிய தமிழை இகழ்ந்து அவர் புதிய நெறியைச் சொல்லவில்லை.

காரணங்கள் இவை. இனி, இவற்றை அயலாரோடு பகிர்வது எவ்வாறு? அதற்கும் நம் நாட்டு வரலாற்றிலேயே பாடம் உண்டு.

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு என்னும் இளைஞர் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அது டேனியரின் குடியேற்றம், அவரோ செருமானியர், அப்போது அவர்க்கு வயது இருபத்து நான்கு. திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சேற்றினார். இவற்றைப் பலரும் அறிவர். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. 1712 முதல் 1714 வரை அவரும் அவருடைய உடனுழைப்பாளர் கிருண்டிலரும் தமிழ் அறிந்தோர்க்கு வினாக்களை எழுதி அனுப்பினர். உங்கள் நம்பிக்கை யாது? எங்கள் சமயத்தை நீங்கள் ஏற்காமைக்குக் காரணம் யாது? இவ்வாறு கேட்டுப் பெற்ற 99 மடல்களைச் செருமன் மொழியில் பெயர்த்து ஹாலே நகருக்கு அனுப்பினர். அவை அங்கே அச்சாயின.

தமிழர் தயங்காமல் எழுதினர். உங்கள் வேதம் நன்றாக இருக்கலாம்; உங்கள் மக்களின் ஒழுக்கம் நன்றாக இல்லையே; குடித்துத் தடுமாறுவோரைக் காண்கிறோம்; தூய்மையைக் காணவில்லை; இறைவன் எம் முன்னோர்க்கும் ஒரு நெறி காட்டியிருக்கிறான் என்ற கருத்துகள் அவற்றில் உள்ளன. அம்மடல்களுள் பலவற்றைச் சீகன்பால்கின் மொழிபெயர்ப்பாளரான அழகப்பனே எழுதியிருக்கக்கூடும் எனக் கருதும் ஆய்வாளரும் உண்டு. அவ்வாறாயின், என் தொழில் முன்னோர் ஒருவரின் துணிவை எண்ணி நான் மகிழ்கிறேன்.

சீகன்பால்கு குறையற்றவர் அல்லர். இந்நாட்டு வழிபாட்டைக் கடுஞ்சொற்களால் சாடியதும் உண்டு. எனினும், கேட்டதனால் அவரிடம் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை 1713-இல் எழுதி முடித்தார். ஹாலேயில் இருந்த தலைவர்கள் அதனை அச்சிட விரும்பவில்லை. அவர் மறைந்தது 1719-இல். அந்நூல் சென்னையில் அச்சேறியது 1867-இல். தம் விடையைச் சொல்ல வந்தவர், பிறர் விடையைக் கேட்டு எழுதி வைத்தார் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

அம்மடல்கள் எழுப்பிய குற்றச்சாட்டு இன்றும் முடிந்துவிடவில்லை. என் நண்பரே ஒருமுறை கேட்டார்: "எல்லாரும் சமம் என்கிறீர்கள், உங்கள் கோயில்களிலும் சாதி உண்டல்லவா?" உண்டு. சபைகளில் சாதி வேற்றுமையை அறவே விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833-இல் கடிதம் எழுதினார். அதன் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழிந்தும், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை மறையவில்லை. இதனை மறைத்துவிட்டு அருளைப் பற்றிப் பேசுபவன் பொய்ச்சாட்சி ஆகிறான். கூண்டில் நிற்பவனுக்கு முதற்கடமை உண்மை பேசுவது.

நம் அரசியல் சட்டமும் இப்பொருளை நேர்நின்று ஆராய்ந்திருக்கிறது. சமயத்தை ஏற்கவும், கைக்கொள்ளவும், பரப்பவும் உரிமை தருவது 25-ஆம் விதி. பரப்புதல் என்னும் சொல் வேண்டுமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் விவாதம் நடந்தது. நீக்க வேண்டும் என்றோரும் இருந்தனர். நம் தென்னாட்டு உறுப்பினர்களான எல். கிருஷ்ணசாமி பாரதி, கே. சந்தானம், டி. டி. கிருஷ்ணமாச்சாரி ஆகியோர் அச்சொல்லை ஆதரித்துப் பேசினர். மூவரும் கிறிஸ்தவர் அல்லர். கிருஷ்ணமாச்சாரி, தாம் சுமார் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் கற்றதாகவும், தம்மை மதம் மாற்ற எவரும் முயன்றதில்லை என்றும் எடுத்துரைத்தார். அவர்களுடைய நல்லெண்ணத்தால் நிலைபெற்ற சொல் அது. பின்னர் 1977-இல் உச்ச நீதிமன்றம், தன் சமயக் கொள்கைகளை எடுத்துரைத்துப் பரப்பும் உரிமை உண்டு. ஆனால் பிறரை மதம் மாற்றும் அடிப்படை உரிமை என ஒன்று இதில் அடங்காது என்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைப் பற்றிச் சட்ட அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு.

பரப்புதலைக் குறிக்க ஆங்கில மூலத்தில் உள்ள 'பிராபகேட்' என்னும் சொல் இலத்தீன் மொழியில் தோட்டக்காரர் சொல். நம்மூரில் மல்லிகைக் கொடிக்குப் பதியம் போடுவோம் அல்லவா? அச்செயலோடு பிறந்த சொல் அது. பதியம் போட்ட கிளையைத் தாய்க்கொடியிலிருந்து உடனே அறுப்பதில்லை. அது தானாக வேர்விடும் வரை காத்திருக்கிறோம். இழுத்துப் பார்த்தால் வேர் அறும். பசித்தவனுக்குச் சோற்றைக் காட்டியோ, நோயாளிக்கு மருந்தைக் காட்டியோ, வேலையில்லாதவனுக்குப் பதவியைக் காட்டியோ விசுவாசத்தை விற்பது பதியம் அன்று, கொடியைப் பிடுங்குதல். சோறும் மருந்தும் கேட்பாரற்றுக் கொடுக்க வேண்டியவை. அவற்றுக்கு விலை குறிப்பது கிறிஸ்துவுக்கே இழுக்கு.

மீண்டும் என் நண்பரிடம் வருகிறேன். அவருடைய தாயார் அடுத்த வாரமே காலமானார். நள்ளிரவில் அவரை வழியனுப்ப வானூர்தி நிலையம் வரை உடன் சென்றேன். அன்று நான் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் திரும்பி வந்தபின் ஒரு நாள் மாடிக்குச் சென்று, "அன்று என்னைக் கேட்டதை இன்று நான் உங்களைக் கேட்கிறேன். உங்களைத் தாங்குவது எது?" என்றேன். தம் தாயார் நாள்தோறும் ஓதிய தேவாரத்தையும், திருவடியில் சேர்தல் என்பதற்குத் தாம் உணர்ந்த பொருளையும் அவர் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து அவரே, "இப்போது சொல்லுங்கள், சுருக்கமாக" என்றார். என் தந்தையைப் பற்றியும், அவரோடு இருந்தவரைப் பற்றியும் நான்கைந்து வாக்கியங்களில் சொன்னேன். அவர் தலையசைத்தார்.

அவர் இன்றும் சைவர், நான் கிறிஸ்தவன். நான் நம்புவது உண்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. அவரும் அதனை ஏற்கவேண்டும் என்ற விருப்பம் எனக்கில்லை என்றால் அதுவும் பொய்யாகும். தான் பெற்ற நன்மையை நண்பன் பெற வேண்டும் என விரும்பாதவன் நண்பன் அல்லன். ஆனால் அவருடைய மனம் அவருக்குரியது, அதன் வாயிலில் நான் காத்து நிற்கலாம், தாழை உடைக்கலாகாது.

நேயர்களே, அயலகத்தில் வாழும் நம்மிடம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். மராத்தியிலும் வங்காளியிலும் இந்தியிலும் நம்மைக் கேட்பர். நீங்கள் எந்தச் சமயத்தவராயினும், உங்கள் நம்பிக்கைக்குரிய காரணத்தை ஒருமுறை தனித்திருந்து எண்ணிப் பாருங்கள். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். பின்னர் உண்மையாக, சாந்தமாக, சுருக்கமாகச் சொல்லுங்கள். அது உத்தரவு என்னும் சொல்லின் பழைய பொருளில், விடையாகவே இருக்கட்டும்.